புனித ஹூபெர்த்தின் சாவியும் குன்னூர் ஊசியும்

ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் வழிவழியாக வழங்கிவரும் கதையொன்று உண்டு. வேட்டைநாய்கள் ஒரு முயலைத் துரத்திக்கொண்டு கரிசல் காட்டில் ஓடின. குறிப்பிட்ட ஓரிடம் வந்ததும் முயல் திரும்பி நின்றது. நாய்களை எதிர்த்துத் துரத்தத் தொடங்கியது. அந்த மண்ணின் வீரத்தைக் கண்டு வியந்த கட்டபொம்மனின் முன்னோர் அங்கேயே கோட்டை கட்டினர். அதுவே பாஞ்சாலங்குறிச்சி என்பர். இக்கதையை மருத்துவ நண்பர் ஒருவரிடம் நாம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "இயல்பான அச்சத்தை மறந்த விலங்கைக் கண்டால் எங்களுக்கு வீரம் நினைவுக்கு வராது சாமி, வெறிநோய்தான் நினைவுக்கு வரும்" என்றார். வேடிக்கையாகச் சொல்லப்பட்ட சொல்தான். ஆயினும் அது நம்மைச் சிந்திக்க வைத்தது.

கரிசல் மண்ணுக்கும் நாய்க்கும் உள்ள உறவு பழையது. சிப்பிப்பாறை, கன்னி எனப் பெயர்பெற்ற வேட்டைநாய் இனங்கள் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள இவ்வறண்ட பூமிக்கே உரியவை. பருத்தியும் கம்பும் உளுந்தும் வத்தலும் விளையும் காட்டுக்கு நாயே காவல். ஆட்டுக்கிடை போடும் கீதாரிக்கு நாயே இரவுத் துணை. இவை போக, எவருக்கும் சொந்தமில்லாமல் தெருவிலே பிறந்து தெருவிலே மடியும் நாய்கள் எத்தனையோ. ஆகவே கடியும் இங்கே புதிதன்று. கடிபட்டவுடன் செய்வதென்ன? காட்டில் விளைந்த வத்தலையே பொடித்துக் காயத்தில் அப்புவோர் உண்டு. சுண்ணாம்பு தடவுவோர், எருக்கம்பால் பிழிவோர், காப்பித்தூள் வைத்துக் கட்டுவோர், மண்ணெண்ணெய் ஊற்றுவோர் என்று பலரை நாம் கண்டிருக்கிறோம். பின்னர் விஷக்கடிக்குப் பார்ப்பவரிடம் போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்வர், பத்தியம் இருப்பர். நம் கிறிஸ்தவ மக்களும் இதற்கு விலக்கல்லர். மந்திரித்த கயிற்றுக்குப் பதிலாக மந்திரித்த எண்ணெய் என்பதே வேறுபாடு.

இவற்றை அறியாமை என்று எள்ளுவது எளிது. ஆனால் திருச்சபையின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பவருக்கு அந்த எள்ளல் அவ்வளவு எளிதில் வராது.

வெறிநாய்க்கடி மனித இனம் நெடுங்காலமாக அறிந்த நோய். நம் நாட்டில் சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல், வெறிகொண்ட நாய், நரி முதலிய விலங்குகளின் கடியைப் பற்றித் தனியே பேசுகிறது. கடிபட்டவன் நீரைக் கண்டு அஞ்சத் தொடங்கினால் அவன் பிழைப்பது அரிது என்பதை அந்நூல் அன்றே கண்டுரைத்தது. கடிவாயிலிருந்து குருதியைப் பிழிந்தெடுத்து, காய்ச்சிய நெய்யால் சுட வேண்டும் என்பது அதன் விதி. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமை நாட்டில் எழுதிய செல்சுஸ் என்பாரும் நஞ்சை உறிஞ்சியெடுத்துச் சூடிடச் சொன்னார். நீரச்சம் வந்துவிட்டவனை அவன் எதிர்பாராத வேளையில் குளத்தில் தள்ளிவிடலாம் என்றும் அவர் எழுதியுள்ளார். நோயாளியின் நிலையை எண்ணினால் நெஞ்சு நடுங்குகிறது. எங்கு நோக்கினும் நெருப்பே மருந்தாயிருந்தது என்பதை மட்டும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இந்த நெருப்பை ஐரோப்பாவில் திருச்சபையும் தன் கையில் ஏந்தியது. லியேஜ் நகரின் ஆயராக விளங்கி 727-இல் இறந்த புனித ஹூபெர்த் வேட்டைக்காரர்களின் பாதுகாவலர். அவரது திருநாள் நவம்பர் 3. 825-இல் அவரது திருப்பண்டம் இன்றைய பெல்ஜிய நாட்டின் ஆர்தென் காட்டுப் பகுதியிலிருந்த துறவு மடத்துக்கு மாற்றப்பட்டது. அன்றுமுதல் வெறிநாய் கடித்தவர்கள் அங்கே நடந்து வரலாயினர். நெற்றியில் சிறு கீறல் இட்டு, புனிதரின் தோள்துகிலிலிருந்து எடுத்ததாகக் கருதப்பட்ட நூலிழையொன்றை அதனுள் வைத்துக் கட்டுவர். ஒன்பது நாள் செபம், ஒப்புரவும் நற்கருணையும், தனிப் படுக்கை, தனிக் குவளை, நாற்பது நாள் தலை வாரலாகாது. திருத்தலத்துக்கு வர இயலாதவர்களுக்கும் கால்நடைகளுக்கும் வேறொரு வழி இருந்தது. மந்திரித்த இரும்பு ஆணி அல்லது கூம்பு ஒன்றைக் காய்ச்சிக் கடிவாயில் வைப்பர். அதற்குப் 'புனித ஹூபெர்த்தின் சாவி' என்று பெயர். குருக்களே அதனைப் பயன்படுத்தினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் இவ்வழக்கம் நீடித்தது.

அந்தச் சாவியில் பயனே இல்லையா? கடிபட்டவுடனே வைத்திருந்தால், சூடு கிருமியை ஓரளவு அழித்திருக்கக் கூடும் என்று இக்கால மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. தனிக் குவளை விதியிலும் ஒரு நல்லறிவு தென்படுகிறது. ஆனால் தலை வாராதிருப்பதற்கும் வெறிநோய்க்கும் என்ன தொடர்பு? பதினேழாம் நூற்றாண்டிலேயே பாரீசின் இறையியல் அறிஞர்கள் சிலர் இவ்விதிகளை மூடநம்பிக்கை எனக் கண்டித்தனர். மக்கள் கேட்கவில்லை. கடித்த நாய்கள் எல்லாம் வெறிநாய்கள் அல்ல. வெறிநாய் கடித்தவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதுமில்லை. ஆகவே எதைச் செய்தாலும் பிழைத்தவர் பலர் இருந்தனர்; பிழைத்தவர் ஊருக்குப் போய்ச் சாட்சி சொன்னார். இறந்தவருக்குச் சாட்சி சொல்ல வாயில்லை. நம் ஊர்களில் கைராசி வைத்தியர்களின் புகழ் வளர்ந்ததும் இக்கணக்கினால்தான்.

விவிலியம் இத்தகைய நிலையை அறியாததன்று. பாலைநிலத்தில் பாம்பு கடித்தவர் நோக்கிப் பிழைக்கும்படி மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பை எண்ணிக்கை நூலில் வாசிக்கிறோம். அதே பாம்பைப் பிற்காலத்தில் அரசர் எசேக்கியா உடைத்தெறிந்தார் என்பதை அரசர்கள் இரண்டாம் நூலில் வாசிப்போர் குறைவு. மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியிருந்தனர். குணம் தந்த அடையாளமே தடைக்கல்லாகிப்போன கதை அது. மறையுரைகளில் முதற் பகுதியை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாம் பகுதியை விட்டுவிடுவது நம் குருக்களின் வழக்கம் என்றே தோன்றுகிறது.

சாவியின் காலம் முடியத் தொடங்கியது 1885-இல். பிரான்சின் ஆர்புவா ஊரில் வளர்ந்த லூயி பாஸ்டர், 1831-இல், எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, வெறிகொண்ட ஓநாய் ஒன்று அப்பகுதி மக்களைக் கடித்தது. கடிபட்டவர்களைக் கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பால் சுட்டதை அவர் கண்டார். பலர் மாண்டதையும் அறிந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் அவர் முயல்களின் தண்டுவடத்தில் நோயைப் பயிராக்கி, அத்தண்டுவடத்தை உலரவைத்து அதன் கொடுமையைத் தணிக்கும் முறையைக் கண்டறிந்தார். 1885 சூலை 4 அன்று அல்சாஸ் பகுதியில் ஜோசப் மேய்ஸ்தர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை வெறிநாய் கடித்தது. உள்ளூர் மருத்துவர் அன்று மாலை காயங்களைக் கார்பாலிக் அமிலத்தால் சுட்டார். ஆறாம் நாள் தாய் அவனைப் பாரீசுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். பாஸ்டர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். எனவே அவர் முன்னிலையில் மருத்துவர் கிரான்ஷே ஊசி போட்டார். பதின்மூன்று ஊசிகள். சிறுவன் பிழைத்தான்.

அடுத்து வந்தவன் ஆடு மேய்க்கும் பதினைந்து வயதுப் பையன், ஜூப்பில். தன்னோடிருந்த சிறு பிள்ளைகளைக் காக்க வெறிநாயோடு கட்டிப் புரண்டு, சாட்டைக் கயிற்றால் அதன் வாயைக் கட்டி, மரச்செருப்பால் அடித்துக் கொன்றவன் அவன். பாரீசில் பாஸ்டர் நிறுவன வளாகத்தில் அவனுக்குச் சிலை உண்டு. கரிசல் காட்டில் ஆடு மேய்க்கும் நம் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சிலை நம் நினைவில் எழுகிறது. ஆயினும் அந்த ஆண்டின் இறுதியில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பெற்றோர் கொண்டுவந்தபோது, கடித்து முப்பத்தேழு நாள்கள் கடந்திருந்தன. காலம் தாழ்ந்துவிட்டது என்று அறிந்திருந்தும், பெற்றோரின் முகத்தைப் பார்த்து மறுக்க மாட்டாமல் பாஸ்டர் ஊசி போடச் செய்தார். அவள் இறந்தாள். அவர் அவள் படுக்கையருகே இருந்து அழுதார் என்பர். அந்த முப்பத்தேழு நாள் கணக்கே இன்றளவும் நம் ஊர்களில் நடக்கும் கணக்கு.

பாஸ்டரைப் பற்றி நம் மறையுரைகளில் அடிக்கடி சொல்லப்படும் தொடர்வண்டிக் கதை ஒன்றுண்டு. செபமாலை சொல்லும் முதியவரை இளைஞன் ஏளனம் செய்ய, அவர் தம் முகவரிச் சீட்டை நீட்டியதாக வரும். அதற்கு நம்பத்தக்க சான்று எதையும் நாம் கண்டதில்லை. 1895 செப்டம்பர் 28-இல் அவர் மறைந்ததும், பாரீசின் நோத்ரு தாம் பேராலயத்தில் அவருக்கு இறுதிச் சடங்கு நடந்ததும் வரலாறு. அது நமக்குப் போதும்.

இம்மருந்து நம் நாட்டுக்கு வந்த வழி நீண்டது. சிம்லா மலைப்பகுதியிலுள்ள கசௌலியில் 1900-இல் முதல் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. தென்னாட்டில் கடிபட்டவர் இந்தியாவின் வடகோடிவரை போக வேண்டும். 1902-இல் குன்னூரில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலேய இளம்பெண் மருந்து கிட்டாமல் நீரச்ச நோயால் மாண்டார். அதன்பிறகே அரசாங்கம் விழித்தது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ், வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையின் துணையால் 1907 ஏப்ரல் 6 அன்று குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் பணி தொடங்கியது. அந்தப் பெண்ணின் இறப்பைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. ஆனால் அதற்கு முன் எத்தனை இடையர் வீட்டுப் பிள்ளைகள், எத்தனை பருத்திக் காட்டுக் கூலிப் பெண்கள் இந்நோயால் கதவடைத்த அறைகளில் துடித்து மடிந்திருப்பர்! அவர்கள் பெயரால் எந்த நிலையமும் எழவில்லை.

குன்னூர் வந்த பிறகும் ஓட்டப்பிடாரத்தானுக்கு அது அண்டை வீடன்று. மணியாச்சியில் தொடர்வண்டி ஏறி, மதுரை வழியே மேட்டுப்பாளையம் சேர்ந்து, அங்கிருந்து மலைரயிலில் ஏற வேண்டும். பல நாள் தங்கி நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கூலியை இழந்து, மொழியும் குளிரும் பழகாத ஊரில், துணைக்கு ஒருவரையும் வைத்துக்கொண்டு தங்குவது ஏழைக்கு இயலுமா? கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய தடுப்பு மருந்து இவ்விடரைத் தணித்தது. ஆட்டு மூளையில் வளர்ந்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று ஆக்கிய மருந்து அது. அதைப் புட்டியில் அடைத்துத் தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்பலாம். இந்தியாவின் ஊரகங்களுக்கு வெறிநோய் மருந்து எட்டியது இதனால்தான்.

நன்மை பெரிது, விலையும் பெரிது. தொப்புளைச் சுற்றி வயிற்றில் பதினான்கு நாள் வரை ஊசி. மூளைத் திசு கலந்த மருந்தாதலால் மிகச் சிலருக்கு வாதம் போன்ற கேடும் விளைந்தது. இந்த ஊசிகளைப் பற்றிய அச்சம் நம் ஊர்களில் நாய்க்கடியைப் பற்றிய அச்சத்தினும் பெரிதாக வளர்ந்தது. இந்தியாவில் இம்மருந்தின் உற்பத்தி 2004-ஆம் ஆண்டின் முடிவோடு நின்றது. அதன்பின் திசு வளர்ப்பில் ஆக்கிய தூய மருந்தே வழங்கப்படுகிறது. வயிற்றில் ஊசி என்பதே இல்லை. அரசு மருத்துவமனைகளில் கையின் தோலுக்குள் சிறிய அளவில், முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28 ஆகிய நாள்களிலும், இலவசமாகப் போடுகிறார்கள். தசையில் போடும் முறையானால் ஐந்து தவணை. ஆயினும், 'பதினான்கு ஊசி' என்ற சொல் இன்னும் வீடுகளில் உலவுகிறது. வழக்கொழிந்த மருந்துக்கு அஞ்சி, வழக்கிலுள்ள மருந்தைத் தவிர்ப்போரை நாம் இன்றும் காண்கிறோம்.

இந்த வரலாற்றில் மிகப் பிந்தி உணரப்பட்ட உண்மை மிக எளியது. கடிவாயைக் கழுவுதல். நெய், இரும்பு, அமிலம் என்று ஈராயிரம் ஆண்டுகள் சுட்டெரித்த மனிதன், சோப்பும் ஓடும் நீரும் அந்த நெருப்பினும் மேலான பணியைச் செய்யும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் விலங்குச் சோதனைகளால் உறுதியாக அறிந்தான். காரணமும் தெளிவானதே. கடித்த விலங்கின் உமிழ்நீரில் வரும் கிருமி உடனே மூளைக்குத் தாவுவதில்லை; காயத்திலும் தசையிலும் சிறிது காலம் தங்கி, பின்னரே நரம்பினுள் புகுந்து மெல்ல மெல்ல மேலேறுகிறது. அக்கிருமியைச் சுற்றிலும் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தின் பிசுக்கைச் சோப்பு எவ்வாறு கரைக்குமோ அவ்வாறே இவ்வுறையையும் கரைத்துக் கிருமியை அழித்துவிடும். ஆகவேதான் உலக நலவாழ்வு நிறுவனம் பதினைந்து நிமிடம் இடைவிடாமல் கழுவச் சொல்கிறது. அதன்பின் அயோடின் மருந்து தடவலாம். தையல் கூடாது; இறுக்கிக் கட்டலும் வேண்டாம். வத்தல் பொடியும் சுண்ணாம்பும் காயத்தைக் கிளறிப் புண்ணாக்கி, கிருமி நரம்பைச் சென்றடைய வழி திறந்துவிடும் என்பதால் அவை பயனற்றவை மட்டுமல்ல, பகையும் ஆகும்.

கழுவிவிட்டால் ஊசி வேண்டாம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. இரத்தம் வருமாறு கடித்திருந்தால், தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிலும் செலுத்தப்படும் எதிர்ப்பு மருந்தும் வேண்டும். தடுப்பூசி உடலில் காவல் எழுப்பச் சில நாள்கள் ஆகும். அதுவரை காப்பது இம்மருந்து. இதன் மேன்மை தெரிந்தது 1954-இல் ஈரானில். ஒரே இரவில் வெறிகொண்ட ஓநாய் ஒன்று 29 பேரைக் கடித்தது. தலையில் ஆழக் கடிபட்டவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற ஐவரில் மூவர் மாண்டனர். எதிர்ப்புச் சீரமும் சேர்த்துப் பெற்ற பதின்மூவரில் ஒருவரே மாண்டார். நாய் மட்டுமன்றிப் பூனை, கீரி, குரங்கு ஆகியவற்றின் கடிக்கும் இவ்விதியே பொருந்தும். சிறுவர்கள் பூனை பிறாண்டியதை வீட்டில் சொல்வதேயில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நம் ஊர்களில் நாய்க்கடி, பாம்புக்கடி இரண்டையும் 'விஷக்கடி' என்ற ஒரே பெயரால் அழைத்து ஒரே ஆளிடம் கொண்டுபோகிறார்கள். இரண்டும் வேறு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நல்ல பாம்பும் கட்டு விரியனும் திரியும் இந்நிலத்தில், பாம்பு தீண்டினால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கு. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்வதே உதவி. நச்சை உறிஞ்சுமென்று நம்பப்பட்ட 'விஷக்கல்' ஒன்றை 1662-இல் பிரான்சிஸ்கன் துறவிகள் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் இத்தாலியில் தஸ்கனி அரசவையில் காட்டினர். இயேசு சபைப் பேரறிஞர் கிர்க்கர் அதை நம்பினார். பிரான்செஸ்கோ ரெதி என்னும் மருத்துவர் மீண்டும் மீண்டும் சோதித்து, அதில் பயனில்லை என்று 1671-இல் கிர்க்கருக்கே மடலாக எழுதி நூல் வெளியிட்டார். முந்நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியும் அந்தக் கல் விலைபோகிறது.

வெறிநோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுள் பத்துக்கு நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நோய்க்குறி தோன்றிய பின் மருந்தில்லை. தாகத்தால் வாடியும் தண்ணீர்க் குவளையைக் கண்டவுடன் தொண்டை இறுகிப் பதறும் ஒருவருக்கு நோயில்பூசுதல் அளிக்கச் செல்லும் குருவானவர், திருநற்கருணையையும் வாயில் வைக்க இயலாமல் திரும்புவார். நீரில் பிறப்பெடுத்த மக்கள் நாம். ஒரு மிடறு நீர்கூட இறங்காமல் இறப்பதைக் காட்டிலும் கொடிய இறப்பு நமக்கு உண்டோ? சிறுகாயம் பட்ட அன்று அதே நீரால் அதைக் கழுவியிருக்கலாம் என்ற எண்ணமே அந்த வீட்டாரைப் பிற்பாடு வாட்டி எடுக்கும்.

நகரத்தார் பதினைந்து நிமிடம் குழாயைத் திறந்துவைப்பது எளிது. மானாவாரிப் பூமியான ஓட்டப்பிடாரத்தில் கோடைக்காலத்தில் அது எளிய செய்தியன்று. சில ஊர்களில் குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருந்து, குடங்களை வரிசையில் வைத்துப் பிடித்து வாழ்பவர்கள் நம் மக்கள். ஒரு பிள்ளையின் கெண்டைக்கால் காயத்துக்காக இரண்டு மூன்று குடம் நீரை மண்ணில் ஊற்றத் தாய்க்கு மனம் வராது; ஒரு செம்பு நீரோடு நிறுத்திவிடுவாள். எனவே அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசும்போது நாம் நிமிடக் கணக்கோடு குடக் கணக்கையும் சேர்த்தே சொல்லி வருகிறோம்: முதற் குடம் தீர்ந்தால் அடுத்த வீட்டுக் குடத்தை எடுங்கள், உப்புத் தண்ணீரானாலும் கிணற்றுத் தண்ணீரானாலும் தயங்க வேண்டாம், துணி துவைக்கும் சோப்பே போதும், கழுவி முடித்த கையோடு, பேருந்துக்குக் காத்திராமல், 108-ஐ அழைத்தோ அக்கம்பக்கத்தாரின் வண்டியிலோ மருத்துவமனைக்குப் போங்கள், நான்கு ஊசித் தேதிகளையும் வீட்டு நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். கடைசித் தேதி வத்தல் பறிப்பு நாளில் விழுந்தாலும் அன்று அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் போய்வர வேண்டும் என்று சொல்லும்போது மட்டும் கூட்டத்தில் சிறிது நேரம் பேச்சே எழுவதில்லை.